ஓவனில் ஒரு விலாத்துண்டு

வியாழக்கிழமை அசர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது தொலைபேசி அடித்தது. எடுத்தேன். "மல்லி, எப்படி இருக்கிறாய்?" என்று சிங்களத்தில் கேட்டது ஒரு குரல். பெயர் சொல்லத் தேவையிருக்கவில்லை. கொழும்பில் நான் பதினொரு வருடம் வேலை செய்த ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர் அவர். அங்கே எல்லாரும் அவரை 'செஃப்' என்றுதான் அழைப்போம். தனக்குக் கீழே உள்ள எவனையும் அவர் 'மல்லி' என்றுதான் கூப்பிடுவார். தம்பி என்று அர்த்தம். புதிதாகச் சேர்ந்த நாட்களில் கொத்தமல்லி கேட்கிறார் என்று நினைத்து நான் இரண்டு தடவை ஒரு கட்டு இலையுடன் ஓடியிருக்கிறேன்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டாராம். மனைவியோடு அறுகம்பேக்கு வந்திருக்கிறாராம். சனிக்கிழமை எங்கள் ஊர் வழியாக மட்டக்களப்புக்குப் போகிறார்களாம்.

"பகல் சாப்பாட்டுக்கு உன் வீட்டுக்கு வரலாமா?" என்று கேட்டார்.

"கட்டாயம் வாங்க செஃப்" என்றேன். தொலைபேசியை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் கதவடியிலேயே நின்றேன். அவர் கடைசியாக என்னிடம் சொன்ன வார்த்தை காதில் கேட்டது.

வெளிநாட்டுக்காரர்களின் வரவு குறைந்து, ஹோட்டலில் ஆட்களைக் குறைத்த காலத்தில்தான் நான் என் ஊரான சாய்ந்தமருதுக்குத் திரும்பினேன். விடைபெறப் போனபோது அவர் தன் அலுவலக மேசையில் இருந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "ஊருக்குப் போய்ப் புரியாணிப் பானைக்குப் பின்னால் நிற்பாய். இரண்டு வருடத்தில் இந்தக் கை கெட்டுப் போகும்."

அவர் சொன்னதில் பாதி நடந்திருந்தது. நான் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறேன். ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சஹனுக்குப் புரியாணி, கோழிப் பொரியல், மாசிச் சம்பல். ஐந்நூறு பேருக்கும் ஆக்குவேன், ஐம்பது பேருக்கும் ஆக்குவேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. என்றாலும் அந்த மனிசன் என் வீட்டுக் கதிரையில் வந்திருந்து சாப்பிடும்போது புரியாணியை மட்டும் வைக்க எனக்கு மனமில்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் கேக் ஒன்றுக்கு ஐசிங் பூசிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் இரண்டு பேரும் அடுப்புக்காரர்கள். நான் வெளியில் ஆக்குவேன், அவள் வீட்டிலிருந்தே பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் கேக் செய்து கொடுப்பாள். வீடு அவளுக்கு அவளுடைய வாப்பா கட்டிக் கொடுத்தது, இந்தப் பக்கத்து வழமைப்படி. குசினியும் அவளுடையது. அதற்குள் இருக்கிற மின்சார ஓவனும் அவளுடையது. அதை நான் என் தேவைக்குத் தொட்டதே இல்லை.

"புரியாணி ஆக்கினாப் போதாதா?" என்று கேட்டாள்.

"புரியாணி அவருக்கு எல்லாரும் குடுப்பாங்க புள்ள. நான் விலாக்கறி சுடப்போறன். முழுத் துண்டா, கொழுப்போட. ஒங்கட ஓவன் வேணும்."

கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கேக் சுடுற ஓவனுக்குள்ள மாட்டுக் கொழுப்பா? புறகு என்ட கேக்க எவள் வாங்குவாள்?"

"கழுவித் தாறன். தேசிக்காய் போட்டு ரெண்டு தரம் கழுவித் தாறன்."

"எப்பிடிச் சுடுறதெண்டு எங்க படிச்சிங்க? நீங்க வீட்டுல ஒருநாளும் செய்யல்லையே."

இத்தனை வருடமாக நான் அவளிடம் சொல்லாத கதை அதுதான். அன்றைக்குச் சொன்னேன்.

ஹோட்டலில் நான் சேர்ந்து இரண்டாம் வருடம். ஞாயிற்றுக்கிழமைப் பகல் சாப்பாட்டுக்கு அங்கே பேர்போன ஒரு சாமான் உண்டு. பன்றியின் வயிற்றுப் பக்கத்து இறைச்சியைத் தோலோடும் கொழுப்போடும் முழுத் துண்டாக ஓவனில் வேகவைத்து, மேல் தோல் அப்பளம் போல் பொரிய எடுப்பார்கள். அதைத் தின்பதற்கென்றே கார் பிடித்து வருவார்கள். ஒருநாள் செஃப் என்னை அந்த ஓவனுக்கு மாற்றினார். சம்பளம் கூடும், பெயரும் கிடைக்கும். நான் அவரிடம் போய், "செஃப், நான் அதைத் தொடமாட்டேன், ருசியும் பார்க்கமாட்டேன். வேறு எந்த வேலை தந்தாலும் செய்வேன்" என்றேன்.

அவர் கத்தவில்லை. "அப்படியென்றால் கிழங்கு உரி" என்றார்.

எட்டு மாதம் கிழங்கு உரித்தேன். எனக்குப் பிறகு சேர்ந்தவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். ஆனால் கிழங்கு உரிக்கிற மேசை அந்த ஓவனுக்கு நேர் எதிரே இருந்தது. கை கிழங்கில் இருக்கும், கண் ஓவனில் இருக்கும். முதல்நாளே தோலைத் துடைத்து, உப்புப் பூசி, மூடாமல் பிரிட்ஜுக்குள் வைத்துக் காயவிடுவார்கள். மறுநாள் மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவிடுவார்கள். கடைசி அரை மணி நேரம் மட்டும் சூட்டை உச்சத்துக்கு ஏற்றுவார்கள். அந்த அரை மணி நேரத்தில் சத்தம் மாறும். ஈரம் இருக்கும்வரை சளசளவென்று இருக்கும். பிறகு சின்னச் சின்ன வெடிப்பு, மழைக்கு முதல் துளி தகரத்தில் விழுவதுபோல. வரவர அந்தச் சத்தத்தை வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஓவன்காரனுக்குக் காய்ச்சல். வேறொருவன் நின்றான். சாப்பாட்டு மண்டபம் நிறைந்துவிட்டது, செஃப் அவசரப்படுத்துகிறார், அவன் கதவைத் திறக்கப் போகிறான். என் வாய் என்னைக் கேட்கவில்லை. "திறக்காதே! இன்னும் ஈரம் இருக்கு, பத்து நிமிசம் வேணும்" என்று கிழங்கு மேசையில் இருந்து கத்திவிட்டேன்.

குசினி முழுக்க என் பக்கம் திரும்பியது. செஃப் என்னைப் பார்த்தார், ஓவனைப் பார்த்தார். "பத்து நிமிடம்" என்று அவனிடம் சொன்னார். பத்து நிமிடத்துக்குப் பிறகு அந்தத் துண்டு எப்படி வந்தது என்று முழுக் குசினியும் பார்த்தது. அடுத்த கிழமை செஃப் மாடும் ஆடும் சுடுகிற பக்கத்துக்கு என்னை மாற்றியிருந்தார். கடைசிவரை அங்கேதான் நின்றேன். கையை நனைக்காமல், நாக்கில் வைக்காமல், கண்ணாலும் காதாலும் நான் எடுத்த தொழில் அது.

மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். "அப்ப, பண்டி சுடுறதப் பாத்தா படிச்சிங்க?" என்றாள்.

"ஓம்."

கேக்கைச் சுற்றி ஒருதரம் கரண்டியை ஓடவிட்டாள். "எட்டு மாசம் கிழங்கு உரிச்சிங்களே, எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்லையே. ஒவ்வொரு மாசமும் காசி வந்துது, நான் என்னமோ நல்லா இருக்கிங்க எண்டு நினைச்சன்."

நான் ஐசிங் கிண்ணத்தை அவள் கைப்பக்கமாக நகர்த்தி வைத்தேன்.

"நெருப்பும் உப்பும்தானே. அதில என்ன கிடக்கு" என்றாள் பிறகு. "ஓவன எடுங்க. ஆனா தட்டத்துக்குக் கீழ தண்ணித் தட்டு வெக்கணும். கொழுப்புத் தெறிச்சா நான் சும்மா இருக்கமாட்டன்."

வெள்ளிக்கிழமை காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு இறைச்சிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைவிட இளையவர், அண்ணன் முறை வைத்து 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார். நெஞ்சுக்குக் கீழே வயிற்றுப் பக்கமாக வருகிற தட்டையான விலாத்துண்டு வேண்டும், எலும்பைக் கழற்றுங்கள், கொழுப்பில் கை வைக்காதீர்கள் என்றேன்.

"காக்கா, இஞ்ச வாற எல்லாரும் கொழுப்ப வெட்டி எறியச் சொல்ற ஆக்கள். நீங்க கொழுப்பத் தேடி வாறிங்க" என்று சிரித்தார். இரண்டு விலாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்று மெலிந்தது. மற்றதில் விரல் தடிப்புக்கு வெள்ளைக் கொழுப்பு ஒரே சீராக ஓடியிருந்தது. நாலு கிலோ இருக்கும்.

எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. பன்றிக்குத் தோல் உண்டு, பொரிவது அதுதான். மாட்டுக்குத் தோலை உரித்துவிடுவார்கள். மேலே கொழுப்பு மட்டும். கொழுப்பு உருகி ஓடிவிட்டால் பொரிவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஹோட்டலில் நான் மாட்டை இந்த முறையில் சுட்டதில்லை, அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் கொழுப்புக்கு மேலே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். அதைக் கழற்றாமல் நன்றாகக் காயவைத்தால் அது முறுகும் என்று என் மனம் சொன்னது. சவ்வின் மேல் கத்தி நுனியால் சதுரம் சதுரமாகக் கீறினேன். இறைச்சிப் பக்கத்துக்கு மிளகு, உள்ளி, கறுவா, கொஞ்சம் வறுத்த பெருஞ்சீரகம். கொழுப்புப் பக்கத்துக்கு வெறும் உப்பு. மனைவி பட்டரையும் ஐசிங் கிண்ணங்களையும் பக்கத்து வீட்டு ராத்தாவின் பிரிட்ஜுக்கு மாற்றிவிட்டு, துண்டை மூடாமல் காயவைக்க எங்கள் பிரிட்ஜில் எனக்கு ஒரு தட்டை முழுதாகத் தந்தாள்.

சனிக்கிழமை காலை கொழுப்பின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். காய்ந்த கடதாசி போல் இருந்தது. ஆறரைக்கு பிஸ்மி சொல்லி ஓவனுக்குள் வைத்தேன். சூடு மெதுவாக. பதினொன்றரைக்கு உச்சத்துக்கு ஏற்றி, பன்னிரண்டுக்கு எடுத்து ஆறவிட்டு, விருந்தாளிகள் வரும் பன்னிரண்டரைக்கு வெட்டுவது என்பது என் கணக்கு. ஒன்பது மணிக்கு மணம் எழும்பியது. பத்து மணிக்கு மணம் மதிலைத் தாண்டி, பக்கத்து வீட்டு ராத்தா எட்டிப் பார்த்து, "என்ன புள்ள, இண்டைக்குப் பெருநாளா?" என்று மனைவியிடம் கேட்டார்.

பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது.

முதலில் நான் பதறவில்லை. ஐந்து நிமிடத்தில் வரும் என்று நின்றேன். பிறகு ஒழுங்கை முனைக்குப் போய்ப் பார்த்தேன். வீதியில் கம்பியில் முட்டிய மரக்கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். எப்போது வரும் என்று கேட்டேன். "ரெண்டு மணியாகும்" என்றார் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்.

திரும்பி வந்து ஓவனுக்கு முன்னால் குந்தினேன். கண்ணாடிக்குள் பார்த்தேன். இறைச்சி வெந்துவிட்டது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மேலே கொழுப்பு வெளிறிப்போய், மெழுகுபோல் கிடந்தது. முறுக வைக்கிற அந்த அரை மணி நேரம்தான் இல்லை. தாச்சியில் எண்ணெய் விட்டுப் பொரித்தால் துண்டு உடைந்துவிடும். பேக்கரியில் விறகெரித்துப் பாண் சுடும் போறணையை நினைத்தேன். அந்த நேரத்துக்கு அது ஆறிக் கிடக்கும்.

"புரியாணிக்கு அரிசி ஊறப்போடவா?" என்று என்னையே கேட்பதுபோல் கேட்டேன். செஃப் சொன்ன பானைக்குப் பின்னால் கடைசியில் நிற்கத்தான் போகிறேன் என்று நெஞ்சு கசந்தது.

"எழும்புங்க" என்றாள் மனைவி. "கொத்து ரொட்டி போட வாங்கின இரும்புக்கல் எங்க?"

"பின்னுக்கு, கொட்டிலுக்குள்ள."

"அதத் தூக்கிட்டு வாங்க. நான் சிரட்டைக்கு நெருப்பு வெக்கிறன்."

எனக்கு விளங்கவில்லை. அவள் முற்றத்தில் செங்கல்லை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "எனக்கு ஓவன் வந்தது எப்ப? அதுக்கு முதல் கலியாணக் கேக்கெல்லாம் எதில சுட்டன்? சட்டிக்குள்ள மணல், மூடிக்கு மேல சிரட்ட நெருப்பு. மேல்நெருப்புக் கொஞ்சம் கூடினாலே கேக் கறுத்துப் போகும். ஒங்களுக்கு இப்ப வேணுமெண்டது அந்த மேல்நெருப்புத்தானே?"

பதினொரு வருடம் இரும்பும் கண்ணாடியுமான பெரிய ஓவன்களுக்கு முன்னால் நின்றவன் நான். எனக்கு வராத யோசனை அது.

சிரட்டைகள் கொழுந்துவிட்டு எரிந்து தணலாகும்வரை காத்திருந்தோம். ஓவனிலிருந்து தட்டத்தை எடுத்து செங்கற்களுக்கு நடுவில் வைத்தேன். அதற்கு நாலு விரல் உயரத்தில் இரும்புக்கல்லைத் தூக்கி வைத்து, அதன்மேல் தணலைக் கொட்டிப் பரப்பினேன். மனைவி பழைய பாய்த் துண்டால் விசிறினாள். கல் மெல்லக் கறுப்பிலிருந்து மங்கிய சிவப்புக்கு வந்தது. பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. இடைவெளிக்குள் குனிந்து பார்த்தால் புகை கண்ணில் அடிக்கிறது.

"பாக்காதிங்க, கேளுங்க" என்றாள். "நீங்கதான் சத்தத்த வெச்சிச் சொல்ற ஆள்."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். சளசளப்பு. இன்னும் சளசளப்பு. விசிறச் சொன்னேன். பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பாங்கு முடிந்த அமைதியில் முதல் வெடிப்புக் கேட்டது. பிறகு இரண்டு, மூன்று, பிறகு எண்ண முடியவில்லை.

"இப்ப" என்றேன். இரண்டு பேருமாகக் கம்பியைக் கொடுத்துக் கல்லைத் தூக்கினோம்.

அந்த நிறத்தை எப்படிச் சொல்வது? நான் கீறிய ஒவ்வொரு சதுரமும் தனித்தனியாக உப்பி நின்றது. ஒரு மூலையில் மட்டும் நெருப்புக் கூடிக் கறுத்திருந்தது. மற்ற இடமெல்லாம் பனங்கட்டி நிறம். கத்தியின் பின்பக்கத்தால் தட்டினேன். ஓட்டில் தட்டுவதுபோல் சத்தம் வந்தது. மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வையும் சாம்பலுமாக இருந்தது அந்த முகம். அவ்வளவு அழகாக நான் அவளைப் பார்த்தது கொஞ்ச நாட்கள்தான்.

செஃப் வரும்போது நான் தொழுதுவிட்டு நின்றேன். ஆள் மெலிந்திருந்தார், தலை முழுக்க வெள்ளை. அவருடைய மனைவி வரவேற்பறையில் இருந்தார். இவரோ தண்ணீர்கூடக் குடிக்காமல், "குசினி எங்கே?" என்று கேட்டுக்கொண்டு நேராகப் பின்னால் வந்துவிட்டார். முற்றத்துச் செங்கல்லையும் தணலையும் பார்த்தார். பலகையில் ஆறிக்கொண்டிருந்த துண்டைப் பார்த்தார். சுற்றிவந்து பார்த்தார்.

"இது மாடு" என்றார்.

"ஓம் செஃப்."

"தோல் இல்லை."

"இல்லை. சவ்வு மட்டும்."

கையை நீட்டினார். கத்தியைக் கொடுத்தேன். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டினார். கத்தி மேலே இறங்கும்போது நொறுங்குகிற சத்தமும், இறைச்சிக்குள் போனதும் சத்தமே இல்லாமல் வழுக்கியதும் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. வாயில் போட்டு, கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு மென்றார். அப்படித்தான் அவர் ஹோட்டலிலும் ருசி பார்ப்பார். அந்த நேரத்தில் நாங்கள் மூச்சுவிடமாட்டோம். ஐம்பது வயதை நெருங்கிய நான் அன்றைக்கும் மூச்சுவிடவில்லை.

"தோல் இல்லாமல் இதைச் செய்ய முடியாது என்று நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்" என்றார். "நல்லவேளை நீ கேட்கவில்லை."

பிறகு அந்த நெருப்பு யாருடைய யோசனை என்று கேட்டார். மனைவியைக் காட்டினேன். அவர் தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழைச் சிங்களத்தோடு கலந்து, "நோனா, நல்ல வேல" என்று அவளுக்குக் கைகூப்பினார். அவள் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி, "சோறு ஆறுது, வரச் சொல்லுங்க" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

பால்சோறு, சீனிச் சம்பல், வெள்ளரிக்காயும் வெங்காயமும் தேசிக்காய்ப் புளியில். நடுவில் விலாத்துண்டு. அவர் மூன்று தடவை போட்டுக்கொண்டார். கறுத்த மூலையை வேண்டுமென்றே கேட்டு எடுத்தார். சாப்பாடு முடிந்து கை கழுவும்போது நான் துணிந்து கேட்டேன். "செஃப், நான் விட்டுப் போகும்போது ஒன்று சொன்னீங்க. புரியாணிப் பானைக்குப் பின்னால் நின்று என் கை கெட்டுப் போகும் என்று."

"நானா சொன்னேன்?" என்றார். உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை. துவாயால் விரல் விரலாகத் துடைத்தார். "அன்றைக்கு ஒன்பது பேரை அனுப்பினேன் மல்லி. ஒருவரையும் நிமிர்ந்து பார்க்க எனக்கு முடியவில்லை. வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன்." துவாயை என்னிடம் நீட்டிக்கொண்டே, "கை கெடவில்லை" என்றார்.

அவரைக் காருக்குக் கூட்டிப்போய், மிச்சத் துண்டை வாழையிலையில் சுற்றிக் கொடுத்தேன். கார் பிரதான வீதியில் ஏறும்வரை நின்று பார்த்தேன். கரண்ட் இன்னும் வரவில்லை.

இது நடந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. அன்றைக்கு வெட்டும்போதே பக்கத்து வீட்டு ராத்தாவுக்கு ஒரு பீங்கானில் கொடுத்த நாலு துண்டு ஊரெல்லாம் கதையாகிப் போனது. முதலில் ஒரு பெருநாளுக்குக் கேட்டார்கள், பிறகு ஒரு கல்யாண வலீமா விருந்துக்கு. இப்போது என் சமையல் பட்டியலில் புரியாணிக்கு அடுத்ததாக இதுதான் இருக்கிறது. வேகவைப்பது ஓவனில், முறுகவைப்பது முற்றத்துத் தணலில். கரண்ட் இருந்தாலும் அப்படித்தான், தணலின் மணம் ஓவனில் வராது என்று கண்டுகொண்டோம். பெரிய கல்யாணமென்றால் மனைவியும் கூட வருவாள். மேல்நெருப்பை அவள் கையில்தான் விடுவேன்.

போன மாதம் நிந்தவூரில் ஒரு கல்யாணம். எட்டு விலா சுட்டோம். மாப்பிள்ளையின் ஆட்களில் ஒருவர், வெளிநாடுகளில் இருந்து வந்தவராம், துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் நெருப்படிக்கே வந்துவிட்டார்.

"இது எந்த நாட்டுச் சாப்பாடு?" என்று கேட்டார்.

மனைவி தணலைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் வாய் திறக்க முதல் அவளே சொன்னாள்: "எந்த நாடுமில்ல. இது சாய்ந்தமருதுச் சாப்பாடு."